பனிச்சரிவில் ஒரு பள்ளிக்கூட அணி: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்தும் அதன் சுற்றுவட்டார மாநிலங்களிலிருந்தும், ஒன்று கும்பகோணத்திலிருந்தும் வந்த கடிதங்களில், உயர்நிலைப் பள்ளிகளின் ஆல்பைன் பனிச்சறுக்குப் பந்தய அணிகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் அப்படியோர் அணியில் இருந்தவர்கள். நான் சறுக்கத் தெரியாதவனாகச் சரிவின் அடிவாரத்தில் நிற்கத் தொடங்கி, நாற்பது வயதுக்கு மேல் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டு, கேட் நடுவராகவும் (பந்தயப் பாதையில் கம்பம் நட்டுக் குறித்த திருப்பம்தான் கேட்; அதை ஒவ்வொருவரும் சரியாகக் கடக்கிறாரா என்று பார்ப்பவர் நடுவர்) பிள்ளைகளின் பலகைகளுக்கு விளிம்பு தீட்டுபவனாகவும் பல குளிர்காலங்களைக் கழித்தவன். பதில் சொல்ல எனக்கிருக்கும் தகுதி அவ்வளவே.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். சென்னையிலிருந்து வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சறுக்கக் கற்றுக்கொண்டு இரண்டு குளிர்காலங்கள்தான் ஆகின்றன. பள்ளி அணியில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மூன்று வயதிலிருந்தே சறுக்குகிற பிள்ளைகளுக்கு நடுவே அவமானப்பட்டுத் திரும்புவானோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு தாய், ஈகன், மினசோட்டா

பதில்: சேரட்டும் அம்மா. தொலைக்காட்சியில் பார்த்த உலகக் கோப்பைப் பந்தயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பள்ளிப் பந்தயத்தை எடைபோடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே நொடியில் நூறில் ஒரு பங்கு ஒருவரை மேடையிலிருந்து இறக்கிவிடும். இங்கேயும் அதே கடிகாரம்தான் ஓடுகிறது. ஆனால் ஓர் அணி எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பதைப் பல மாலைகளில் முடிவு செய்வது, விழாமல், கேட் எதையும் தவறவிடாமல் கீழே வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்குதான்.

அந்தக் கணக்கைச் சற்று விளக்குகிறேன். ஓர் அணியிலிருந்து ஆறு பேர் இறங்க, அவர்களில் முதல் நால்வர் பெற்ற இடங்களை மட்டும் சேர்த்து அணியின் மதிப்பெண்ணாகக் கொள்வது பரவலான முறை. எத்தனை பேர் என்பது மாநிலத்துக்கு மாநிலம், லீகுக்கு லீக் மாறும். ஆறு பேரில் மூவர் விழுந்துவிட்டால், மீதமுள்ள மூவர் எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் அணி நொண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பனிக்கட்டியாக இறுகிய ஒரு சரிவில், எங்கள் அணியின் மிக வேகமான இரண்டு பையன்களும் ஒரே கேட்டில் அடுத்தடுத்துச் சறுக்கி வெளியே போனார்கள். அன்று நான்காவது ஆளாகக் கணக்கில் சேர்ந்தவன், இரவல் உடுப்பில், கடைசி மூன்று கேட்டுகளில் பலகைகளை ஆப்பு வடிவத்தில் விரித்து வேகத்தை அடக்கிக்கொண்டே வந்த இரண்டாம் குளிர்காலத்துப் பையன். அவனை அணியினர் தூக்கிக்கொண்டாடியதைப் பார்த்தேன்.

பெரும்பாலான பள்ளி அணிகளில் வார்சிட்டி என்ற முதன்மை அணி, ஜே.வி. என்ற அதற்கடுத்த அணி என்று இரண்டு நிலைகள் இருக்கின்றன, புதியவர்கள் ஜே.வி.யில் தொடங்குகிறார்கள். கூடைப்பந்து அணியைப் போலப் பாதிப் பேரைக் கழித்துவிடுகிற வழக்கம் இங்கே குறைவு. உங்கள் மகனால் மூன்றைச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள்: பலகைகளை இணையாக வைத்து இருபுறமும் திரும்புவது, செங்குத்தான சரிவில் நினைத்த இடத்தில் நிற்பது, யார் உதவியுமின்றி லிஃப்டில் ஏறி இறங்குவது. நீலச் சதுரக் குறியிட்ட சரிவுகளில் அச்சமில்லாமலும், கறுப்பு வைரக் குறியிட்ட சரிவுகளில் நிதானமாகவும் வருகிறான் என்றால் அணிக்கு அது போதும். மற்றவற்றைச் சொல்லிக்கொடுக்கத்தான் பயிற்சியாளர் இருக்கிறார்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே அவனிடம் சொல்லி வையுங்கள். மினசோட்டாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் உயர்நிலைப் பள்ளி அணியில் போட்டியிடலாம். அவனுடைய தோள் உயரம்கூட இல்லாத ஒரு சிறுமி அவனைவிட நான்கு நொடிகள் முன்னதாக வந்து நிற்பாள். அது முதல் வாரத்தில் வலிக்கும்; இரண்டாம் வாரத்தில் அவள் எந்தக் கோட்டில் வருகிறாள் என்று கவனிக்கத் தொடங்கிவிடுவான்.

கேள்வி: முதல் பந்தயத்துக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. அன்று என்னவெல்லாம் நடக்கும்? கேட்டை எப்படிக் கடந்தால் சரி, எப்படிக் கடந்தால் தவறு? – பத்தாம் வகுப்பு மாணவன், வுட்பரி, மினசோட்டா

பதில்: தம்பி, பள்ளிப் பந்தயங்களில் நீ சந்திக்கப்போவது ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் என்ற இரண்டு வகைகளைத்தான். டௌன்ஹில், சூப்பர்-ஜி போன்றவற்றுக்குப் பெரிய மலையும் நெடுகப் பாதுகாப்பு வலையும் வேண்டும். ஸ்லாலத்தில் கேட்டுகள் நெருக்கமாக இருக்கும், திருப்பங்கள் குறுகலாக இருக்கும். ஜயன்ட் ஸ்லாலத்தில் இடைவெளி கூடுதல், வேகமும் கூடுதல். அங்கே கம்பங்களுக்கு இடையே துணி கட்டியிருப்பார்கள். சிவப்பு, நீலம் என்று கேட்டுகள் மாறி மாறி வரும்.

பந்தயத்துக்கு முன் பாதையைப் பார்வையிட நேரம் தருவார்கள். அப்போது கேட்டுகளுக்கு ஊடே பந்தயம்போல் இறங்கக் கூடாது. ஓரமாகப் பக்கவாட்டில் மெல்லச் சறுக்கியபடி பார்க்க வேண்டும். பலரும் இந்த அரைமணி நேரத்தை அரட்டையில் கழித்துவிடுகிறார்கள். நீ எங்கே சரிவு திடீரென்று செங்குத்தாகிறது, எங்கே பனிக்கட்டி பளபளக்கிறது, எந்தக் கேட் மற்றவற்றைவிட வெளியே தள்ளி நிற்கிறது என்று மனத்தில் பதித்துக்கொள். கீழே போனதும் கண்ணை மூடிக்கொண்டு கையால் காற்றில் பாதையை வரைந்து பார். உலகக் கோப்பை வீரர்களும் தொடக்கக் குடிலில் அதைத்தான் செய்கிறார்கள்.

தொடக்க இடத்தில் உன் கால்களுக்கு முன்னால் குறுக்கே ஒரு மெல்லிய கோல் இருக்கும். நீ புறப்படும்போது உன் கால் அதைத் தள்ளித் திறக்கும் நொடியில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆகவே ஊன்றுகோல்களைக் கோலுக்கு அப்பால் குத்தி, உடலை முதலில் முன்னே எறிந்து, கால்கள் கடைசியாக வருமாறு புறப்படக் கற்றுக்கொள். கீழே ஒளிக்கற்றையை நீ வெட்டும்போது கடிகாரம் நிற்கும். இரண்டு முறை இறங்குவாய். இரண்டு நேரங்களையும் கூட்டி இடம் தருவார்கள்.

கேட் விதி எளிது. உன் இரண்டு பலகைகளின் முனைகளும் இரண்டு பாதங்களும் கேட்டின் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். உடம்பும் கையும் கம்பத்தின் எந்தப் பக்கம் போனாலும் கவலையில்லை. அதனால்தான் ஸ்லாலம் வீரர்கள் முழங்காலுக்குக் கீழேயும் கையாலும் கம்பத்தை இடித்துச் சாய்த்துக்கொண்டு வருகிறார்கள். அடியில் கீல் வைத்த, இடித்தால் படுத்து மீண்டும் எழும் கம்பங்கள் 1980-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் இந்தப் பாணியே பிறந்தது. ஒரு பலகையின் முனை கம்பத்தின் தவறான பக்கம் போய்விட்டால் அதைத் தமிழில் என்ன சொல்வதென்று தெரியவில்லை; நாங்கள் 'கவட்டையில் மாட்டிவிட்டது' என்போம். அப்படி நேர்ந்தால் தகுதியிழப்புத்தான். நீ அறியாமல் போனாலும் நடுவர் அறிவார்: உன் எண், கேட்டின் எண், தவறு நேர்ந்த விதத்தின் சிறு படம் மூன்றும் அவருடைய அட்டையில் ஏறிவிடும்.

எப்படி வேகமாக வருவது என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முதல் பந்தயத்துக்கு ஒரே ஒரு செய்திதான் சொல்வேன். புதியவர்கள் கேட்டை அடைந்த பிறகு திரும்பத் தொடங்குகிறார்கள். அப்போது அடுத்த கேட்டுக்குத் தாமதமாகிறார்கள், அதற்கடுத்ததில் இன்னும் தாமதமாகி, ஐந்தாவது கேட்டில் வெளியே போகிறார்கள். திருப்பத்தின் பெரும்பகுதி கேட்டுக்கு மேலேயே முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: செலவு எவ்வளவு ஆகும்? கடையில் கேட்டால் இரண்டு சோடிப் பலகை, பந்தய பூட்ஸ், உடுப்பு, பாதுகாப்புக் கவசங்கள் என்று பெரிய பட்டியலே தருகிறார்கள். – ஒரு தந்தை, ராச்செஸ்டர், மினசோட்டா

பதில்: ஐயா, அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன், இரண்டு ஆண்டுகளுக்கு மடித்து வையுங்கள். புதிய பந்தயப் பலகை ஒரு சோடி, பூட்ஸைப் பூட்டும் பைண்டிங்கோடு சேர்த்து, ஆயிரம் டாலரை எளிதாகத் தாண்டிவிடும். வளரும் பிள்ளைக்கு அதை அடுத்த ஆண்டே மாற்ற வேண்டியிருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் சறுக்குத் தலங்களிலும் பனிச்சறுக்கு மன்றங்களிலும் நடக்கும் 'ஸ்கி ஸ்வாப்' என்ற பழைய சாமான் சந்தைக்குப் போனால், போன ஆண்டு வேறொரு பிள்ளை பயன்படுத்திய நல்ல பலகை அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். விளிம்பில் இன்னும் எத்தனை தடிமன் எஃகு மீதமிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். பலமுறை தீட்டி மெலிந்துபோன விளிம்பு விலை மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பணத்தை பூட்ஸில் போடுங்கள். இதில்தான் பெற்றோர் பெரும்பாலும் தவறுகிறோம். வளர்வான் என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவது நம்மூர்ப் பழக்கம்; செருப்புக்கு அது பொருந்தும், பந்தய பூட்ஸுக்குப் பொருந்தாது. உள்ளே கால் நகர்ந்தால், பிள்ளை முழங்காலை வளைத்து அழுத்தும் அழுத்தம் பலகையின் விளிம்புக்குப் போய்ச் சேராது. என் மகளுக்கு முதல் ஆண்டு அப்படி வாங்கித்தந்து, அவள் ஒரு பருவம் முழுவதும் பின்பக்கமாகச் சாய்ந்தே சறுக்கியதற்குக் காரணம் பயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூட்ஸைச் சரிபார்த்துத் தருபவர் ஒருவர் உள்ளே விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தபிறகுதான் புத்தி வந்தது. அதேபோல, பூட்ஸின் விறைப்பைக் காட்டும் எண் 130 என்றிருந்தால் அது வளர்ந்த, வலுவான வீரருக்குரியது. இலேசான பிள்ளைகளால் அதை வளைக்கவே முடியாது.

பலகை முதல் ஆண்டு ஒரு சோடி போதும். மினசோட்டாவின் குன்றுகள் சிறியவை. ஸ்லாலம் பலகையோ, குறுகிய வளைவுக்கேற்ற ஜயன்ட் ஸ்லாலம் பலகையோ இரண்டு வகைப் பந்தயத்துக்கும் தாங்கும். எதை வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்காமல் பயிற்சியாளரைக் கேளுங்கள். தலைக்கவசத்தில் மட்டும் பேரம் வேண்டாம்: காதுகளையும் சேர்த்துக் கெட்டியான ஓடு மூடுகிற பந்தயக் கவசம், புதியதாக, விபத்தில் அடிபடாததாக இருக்க வேண்டும். ஸ்லாலத்துக்குத் தாடைக் கம்பி, கணுக்கால் முதல் முழங்கால் வரையிலான கவசம், ஊன்றுகோலில் கைக்காப்பு ஆகிய மூன்றும் வேண்டும். பல அணிகளின் பெட்டியில் இவை இரவலாகக் கிடைக்கும்.

இவற்றுக்கு மேல் அணிக் கட்டணம், சறுக்குத் தலத்தின் பருவச் சீட்டு, பயணச் செலவு. கட்டணம் கட்ட இயலாத குடும்பங்களுக்குப் பல பள்ளிகள் சலுகை தருகின்றன. கேட்கத் தயங்க வேண்டாம்.

வீட்டிலேயே பலகையைப் பராமரிக்கக் கற்றுக்கொண்டால் பாதிச் செலவு குறையும். ஒரு மேசை, இரண்டு பிடிப்பான்கள், அரம், வைரக்கல் என்னும் வைரத்தூள் பதித்த தீட்டுக்கல், மெழுகு, அதை உருக்கித் தேய்க்க ஓர் இஸ்திரிப் பெட்டி ஆகியவை வேண்டும்; துணிக்கான பழைய பெட்டி வேண்டாம், மெழுகுக்கென்றே உள்ள ஒன்று. பக்க விளிம்பை இரண்டு அல்லது மூன்று டிகிரிச் சாய்வில், அரத்தை ஒரே திசையில், முனையிலிருந்து வால்வரை இழுத்துத் தீட்ட வேண்டும். பிறகு வைரக்கல்லை நனைத்துப் பிசிறை எடுக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தின் முதுகை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் கூர்மை போதும், வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் வேலை இருக்கிறது. மெழுகு வாங்கும்போது ஃப்ளோரின் கலவாததா என்று பாருங்கள்; ஃப்ளோரின் மெழுகைச் சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ். 2023-24 பருவத்திலிருந்து முற்றிலும் தடை செய்துவிட்டது.

கேள்வி: எங்கள் பள்ளியில் பனிச்சறுக்கு அணியே இல்லை. நானும் என் தோழியர் நால்வரும் ஒன்று தொடங்க விரும்புகிறோம். யாரிடம் போக வேண்டும்? – பதினோராம் வகுப்பு மாணவி, விஸ்கான்சின்

பதில்: முதலில், எப்போது போக வேண்டும் என்று சொல்கிறேன். பனி விழுந்ததும் ஆசை பிறக்கிறது. டிசம்பரில் பள்ளி அலுவலகத்தின் கதவைத் தட்டுகிறார்கள். அந்த ஆண்டின் பணம், பேருந்து, சரிவின் நேரம் எல்லாம் அதற்குள் பங்கிடப்பட்டு முடிந்திருக்கும். ஒரு பருவம் முடிகிற மார்ச், ஏப்ரலில்தான் அடுத்த பருவத்துக்கான அணி பிறக்க வேண்டும். நீ பதினோராம் வகுப்பில் இருப்பதால் ஒரே ஒரு பருவம்தான் உனக்கு மிஞ்சும். ஆகவே உன் பட்டியலில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களையும் பையன்களையும் சேர்த்துக்கொள். ஐவரும் ஒரே வகுப்பினர் என்றால், நீங்கள் படிப்பை முடிக்கும் நாளில் அணியும் முடிந்துவிடும் என்று பள்ளி சரியாகவே சொல்லும்.

உன் மாநிலத்தில் ஒரு சிறப்பு நிலைமை இருக்கிறது. மினசோட்டாவிலும் மிஷிகனிலும் மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களே ஆல்பைன் பந்தயத்தை நடத்துகின்றன. விஸ்கான்சினில் மாநிலச் சங்கம் அதை நடத்துவதில்லை. அதற்கெனத் தனியாக உள்ள அமைப்பின் கீழ்ப் பள்ளிகளின் பெயரில் அணிகள் போட்டியிடுகின்றன. இதில் வசதியும் உண்டு, சுமையும் உண்டு. விதிகளின் கெடுபிடி குறைவு; ஆனால் பேருந்து, காப்பீடு, பயிற்சியாளர் சம்பளம் ஆகியவற்றைப் பள்ளி தானாக ஏற்காமல் போகலாம்; பெற்றோர் குழு ஒன்று தோள் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் வேலை, உன் வட்டாரத்தில் ஏற்கெனவே அணி வைத்திருக்கும் பள்ளி ஒன்றின் பயிற்சியாளருடன் பேசுவது. அவர்கள் உன்னைப் போட்டியாகப் பார்ப்பார்கள் என்று எண்ணாதே. லீகில் ஒரு பள்ளி கூடுவது அவர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி.

அடுத்து, பள்ளியின் விளையாட்டு இயக்குநர். அவரிடம் ஆர்வத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் ஆர்வத்தைப் பாராட்டி அனுப்பிவிடுவார். அவர் மனத்தில் நான்கு கேள்விகள் இருக்கும்: யார் பயிற்றுவிப்பார், எங்கே பயிற்சி நடக்கும், யார் பணம் தருவார், எத்தனை பேர் வருவார்கள். நான்குக்கும் ஒரே தாளில் பதில் எழுதி எடுத்துச் செல். கடைசிக் கேள்விக்குக் கையொப்பப் பட்டியலைவிடப் பெற்றோரின் ஒப்புதலோடு கூடிய பெயர்ப் பட்டியல் மதிப்புடையது. ஐம்பது பேர் கையெழுத்துப் போடுவார்கள், அவர்களில் பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினைந்து டிகிரியில் வந்து நிற்பவர்கள் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரை நீ முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும். பெண்கள், பையன்கள் என இரண்டு அணிகளாகவே கேள். பயிற்சி ஒன்றாக நடக்கும், பந்தயம் தனித்தனி. கூட்டரசின் நிதி பெறும் பள்ளிகளில் விளையாட்டு வாய்ப்பு இருபாலார்க்கும் சமமாக இருக்க வேண்டும் என்பதற்கு 1972-இல் வந்த டைட்டில் ஒன்பது சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டிப் பேச்சைத் தொடங்காதே. தேவைப்படாது.

பயிற்சி இடந்தான் உண்மையான முடிச்சு. சறுக்குத் தலத்தில் பந்தயப் பிரிவுக்கென்று ஒருவர் இருப்பார். வாரநாள் மாலைகளில் எந்தச் சரிவு எந்தப் பள்ளிக்கு என்று அவர்தான் பிரித்துத் தருகிறார். கேட் கம்பங்கள், பனியில் துளையிடும் கருவி, நேரம் அளக்கும் சாதனம் ஆகியவற்றைத் தலமே தருமா, இன்னொரு பள்ளியோடு பகிர்ந்துகொள்ளலாமா என்று அவரிடமே கேட்டுவிடு. சரிவு சிறிதாக இருக்கிறதே என்று தயங்காதே. மினியாபோலிஸுக்குத் தெற்கே, ஐ-35 நெடுஞ்சாலையை ஒட்டி பக் ஹில் என்றொரு குன்று இருக்கிறது. உச்சியிலிருந்து அடிவாரம்வரை உயரம் சுமார் 300 அடிதான். கயிற்றைப் பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் மேலே இழுத்துவிடும். விளக்கொளியில் ஒரே மாலையில் எத்தனையோ முறை இறங்கலாம். ஆஸ்திரியாவில் பிறந்த எரிக் செய்லர் என்ற பயிற்சியாளர் பல தலைமுறைப் பிள்ளைகளை அங்கேதான் உருவாக்கினார். ஒலிம்பிக் தங்கம் வென்ற லிண்ட்சே வான் அவர்களில் ஒருவர். பெரிய மலையில் லிஃப்டில் உட்கார்ந்தே கழியும் நேரம், சிறிய குன்றில் கேட்டுகளுக்கு நடுவே கழிகிறது.

உன் பள்ளியில் பத்துப் பேர் தேறவில்லை என்றால், பக்கத்துப் பள்ளியோடு கூட்டாக ஓர் அணி அமைக்க முடியுமா என்று கேள். பல மாநிலங்களில் இதற்கு இடமுண்டு; எத்தனையோ அணிகள் இரண்டு மூன்று பள்ளிகளின் பெயரைச் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. இரண்டு பள்ளிகளின் நிற உடுப்புகளும் ஒரே வரிசையில் நிற்பது பார்க்கச் சற்று வேடிக்கையாக இருக்கும், அவ்வளவுதான்.

பயிற்சியாளராக வருபவர் முன்னாள் வெற்றி வீரராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளை எண்ணி ஏற்றி எண்ணி இறக்கத் தெரிந்தவராக, முதலுதவியும் தலைக்காயம் பற்றிய பயிற்சியும் முடித்தவராக, பொறுமைசாலியாக இருக்க வேண்டும். முதல் ஆண்டில் லீகிடம் ஜே.வி. பந்தயங்களில் மட்டும் சேர்த்துக்கொள்ளுமாறு கேளுங்கள். செப்டம்பரிலிருந்தே தரைப்பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்: பக்கவாட்டுத் தாவல், ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுதல், வயிற்றுத் தசைக்கான பயிற்சி. அதற்குப் பனியும் வேண்டாம், பணமும் வேண்டாம். யார் நிலைத்து நிற்பார்கள் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: மினசோட்டாவில் இருக்கும் என் பேத்தி மலையிலிருந்து சறுக்கி விழுகிற படத்தை அனுப்பிச் சிரிக்கிறாள். எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. அவ்வளவு ஆபத்தான விளையாட்டா அது? – ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: ஆபத்தே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம் அம்மா. இந்த விளையாட்டில் அஞ்ச வேண்டியது முழங்காலுக்கு, ஏ.சி.எல். என்று சொல்லப்படும் தசைநார் கிழிந்தால் அறுவைச் சிகிச்சையும் பல மாத ஓய்வும் தேவைப்படும். அதற்கடுத்துத் தலையில் அடி.

ஆனால் பேத்தி விழும்போது பலகை காலைவிட்டுத் தனியே கழன்று ஓடியதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது கெட்ட சகுனமன்று. அப்படிக் கழல்வதற்காகவே செய்யப்பட்டது. பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங் எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்பதை அவளுடைய எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு, பயிற்சி பெற்றவர் ஒருவர் கடையில் அமைத்துத் தருவார். அவள் வளர்ந்திருந்தால் இந்த ஆண்டு அதை மறுபடி பார்த்தார்களா என்று மட்டும் அவளுடைய பெற்றோரிடம் கேளுங்கள். பையன்கள் சிலர் கழலக் கூடாதென்று அதைத் தாமே இறுக்கிவிடுவதுண்டு. அந்த வேலை கூடவே கூடாது. தலையில் அடிபட்டால் அன்றைய பந்தயம் முடிந்தது. மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும்வரை சரிவில் ஏற்றக் கூடாது.

குளிரைப் பற்றியும் கவலைப்படுவீர்கள் என்று நினைக்கிறேன். பந்தய உடுப்பு மிக மெல்லியது. தொடங்கும்வரை மேல்கோட்டைக் கழற்றாமல் நிற்பார்கள். பருத்தி உள்ளாடை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பளி உள்ளாடைதான் ஏற்றது. அடுத்த பொட்டலத்தில் முறுக்கோடு நல்ல கம்பளிக் காலுறை இரண்டு சோடி வைத்து அனுப்புங்கள், மெல்லியதாக. பூட்ஸுக்குள் தடித்த காலுறை இரத்த ஓட்டத்தை நெருக்கி விரல்களை இன்னும் சில்லிட வைத்துவிடும்.

கேள்வி: பள்ளி அணியில் நன்றாகச் செய்தால் கல்லூரி உதவித்தொகை கிடைக்குமா? – ஒரு தந்தை, மிஷிகன்

பதில்: உதவித்தொகைக்காகச் சேர்ப்பதென்றால் சேர்க்காதீர்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் பனிச்சறுக்கில் போட்டியிடும் கல்லூரிகள் மிகச் சில. டென்வர், யூட்டா, வெர்மான்ட், டார்ட்மத் போன்றவை. அவற்றின் பயிற்சியாளர்கள் பள்ளிப் பந்தய முடிவுகளைவிட எஃப்.ஐ.எஸ். புள்ளிகளையே பார்க்கிறார்கள், அந்தப் புள்ளிகள் மன்றப் பந்தயங்களில் கிடைப்பவை. உலகெங்கிலுமிருந்து வருகிற வீரர்களோடு அந்த இடங்களுக்குப் போட்டி. பக் ஹில்லில் வளர்ந்த பாவ்லா மோல்ட்சன் வெர்மான்ட் பல்கலைக்கழகத்துக்காக 2017-இல் என்.சி.ஏ.ஏ. ஸ்லாலம் பட்டத்தை வென்றார், 2025 உலகப் போட்டியில் ஜயன்ட் ஸ்லாலத்தில் வெண்கலமும் பெற்றார். அந்தப் பாதை மன்றத்தின் வழியாகப் போகிறது; பள்ளி அணி அதன் ஓரத்தில் இருக்கிறது.

ஆனால் பள்ளி அணியில் சறுக்கியவர்கள் கல்லூரியில் நிறுத்திவிட வேண்டியதில்லை. மாணவர் மன்றங்கள் பலவும் யு.எஸ்.சி.எஸ்.ஏ. என்ற அமைப்பின் கீழ்ப் போட்டியிடுகின்றன. உதவித்தொகை எதிர்பார்க்காமல், வார இறுதியில் வேன் ஓட்டிக்கொண்டு போய்ப் பந்தயம் விடுகிற பிள்ளைகளின் உலகம் அது. என் மகன் அங்கேதான் போய்ச் சேர்ந்தான். படிப்புக்கான கட்டணத்தை நான்தான் கட்டினேன்.

கேள்வி: எனக்குச் சறுக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. மகளின் பந்தயத்தன்று என்னால் ஏதேனும் உதவ முடியுமா, அல்லது காரிலேயே உட்கார்ந்திருக்கலாமா? – ஒரு தாய், பர்ன்ஸ்வில், மினசோட்டா

பதில்: காரில் உட்காராதீர்கள், ஆள் பற்றாக்குறையால் திணறாத பள்ளிப் பந்தயம் ஒன்றை நான் இன்னும் பார்த்ததில்லை. கேட் நடுவர் வேலைக்குச் சரிவில் ஏற வேண்டும், அது உங்களுக்கு வேண்டாம். அடிவாரத்தில் நேரத்தைக் கையால் எழுதிக்கொள்ள ஒருவர் எப்போதும் தேவை. இயந்திரம் குளிரில் மக்கர் செய்யும்போது அந்தத் தாள்தான் பந்தயத்தைக் காப்பாற்றும். தொடக்க இடத்தில் பிள்ளைகள் கழற்றிப் போடும் மேல்கோட்டுகளை மூட்டையாகக் கட்டிக் கீழே கொண்டுவந்ததும், அவற்றை விரித்து யாருடையது எது என்று பிரித்துக் கொடுக்கவும் ஒருவர் வேண்டும். எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும் என்பதால் உங்கள் மகளின் கோட்டில் பெயரைத் தைத்து வையுங்கள். முடிவில் எண் துணிகளைத் திரும்ப வாங்கி எண்ணி அடுக்குவதுதான் யாருக்கும் பிடிக்காத வேலை. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்களானால் அடுத்த வாரமே பயிற்சியாளர் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார். பென்சில் கொண்டுபோங்கள், பேனா உறைந்துவிடும்.